இரண்டாம் ஆண்டில் ஓர் இடம்

மே 9

புதுத் தாள்கட்டு. பிரெயில் சட்டத்தில் தாளைச் செருகி ஊசியால் குத்திக் குத்தி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கலாம்.

இன்று மத்தியானம் கோமதி செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டாள். சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வேறு கல்லூரியில் முதலாண்டு முடித்தவர்கள் கேட்கலாம் என்று ஏப்ரலில் அறிவித்திருந்தார்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்து என் பெயரில் விண்ணப்பம் போட்டவள் கோமதிதான். இப்போது தேர்வுக்கும் நேர்காணலுக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அந்த மின்னஞ்சலை மூன்று தரம் வாசித்தாள். மூன்றாவது தரம் வாசிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. ஓடி வந்த களைப்பு.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடம் முடித்தேன். பிறகு வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே சங்கரன்கோவிலைத் தாண்டியிருக்கும் இந்தச் சின்னக் கல்லூரியில் சேர்ந்தேன். இங்கே பிரெயில் புத்தகம் கிடையாது, பேசும் கணினி கிடையாது. கோமதி இருந்தாள். முதல் நாளே என் கையை எடுத்துத் தன் முழங்கையில் வைத்துக்கொண்டாள். அப்பா ஓட்டும் மினி பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து, போகும்போதும் வரும்போதும் பாடம் வாசிப்பாள். பானிப்பட்டில் மூன்று போர் நடந்தது இப்போது அப்பாவுக்கும் தெரியும். மூன்றாவதில் தோற்றது யார் என்று ஒருநாள் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாண்டில் நான் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தது அவள் வாயால். நன்றி என்று சொன்னால் அடிப்பாள். இங்கே குத்தி வைக்கிறேன்.

மே 10

அம்மா வேண்டாம் என்கிறாள். அப்பா டீசல் அடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

மே 13

மூன்று நாளாக அம்மா என்னோடு பேசவில்லை. பாத்திரங்கள் பேசுகின்றன.

சாயங்காலம் கோமதி வந்து அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். அங்கே யார் இவளைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள், துணியில் கறை இருந்தால் யார் சொல்வார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று அம்மா கேட்டாள். இவளைப் போலவே ஏழெட்டுப் பெண்கள் அந்த விடுதியில் இருக்கிறார்கள், புத்தகத்தை வாசித்துக் காட்டும் கணினிகள் இருக்கின்றன என்று கோமதி பொறுமையாகச் சொன்னாள். அவளும் கூடப் போவதானால் சரி என்றாள் அம்மா. கோமதி சிரித்தாள். தேர்வை மட்டும் எழுதிவிட்டு வரட்டும் என்று அம்மா இறங்கி வந்தது அதற்குப் பிறகுதான்.

கீரையை இவ்வளவு நேரம் உருவினால் கொழுந்தெல்லாம் வாடிவிடும்.

கோமதியை வீடு வரை கொண்டுவிடப் போனேன். கொண்டுவிடுவது என்றால், அவள் என்னைக் கூட்டிப்போய் மறுபடியும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். அவர்கள் வீட்டு முன்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. அவள் அண்ணன் இசக்கிமுத்து ஓட்டுகிறார். கோமதியின் அம்மா காளியம்மாள் பெரியம்மை வாசலில் நின்று என் கன்னத்தைத் தொட்டாள். “ஒன்னயக் கூட்டிட்டுப் போவத்தானட்டி இவள காலேசுக்கு அனுப்புதோம்” என்றாள்.

எனக்காகத் தங்கள் பெண்ணையே அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

மே 21

சென்னைக்கு நேற்றுப் போய் இன்று திரும்பினோம். அப்பா, நான், கோமதி.

நான் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதுபவளைக் கல்லூரியே தந்தது. கோமதி எழுதக் கூடாது என்றுவிட்டார்கள். அந்தப் பெண் பேனாவைத் திறந்துவிட்டு, “நீங்க மெதுவாவே சொல்லலாம், நான் காத்திருப்பேன்” என்றாள். அதிலேயே எனக்குப் பாதி பயம் போயிற்று. நேர்காணலில் மூன்று பேர். இங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும், சமாளிப்பாயா என்று கேட்டார்கள். சமாளிப்பேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கோமதி ரயிலிலேயே என்னைப் பழக்கியிருந்தாள்.

நூலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கணினி ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாசித்தது. நிறுத்தச் சொன்னால் நின்றது. திரும்ப என்றால் திரும்ப வாசித்தது. கோமதி என் பக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

கிளம்பும் நேரத்தில் அவளைக் காணோம். அலுவலக சன்னலில் ஏதோ கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்றார் அப்பா. வந்ததும் விசாரித்தேன். கழிப்பறை எங்கே என்று கேட்டாளாம்.

ஜூன் 4

இடம் கிடைத்துவிட்டது. ஓர் இடத்துக்கு முப்பதுக்கு மேல் பேர் கேட்டிருந்தார்களாம்.

அப்பா வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு ஹாரனை விடாமல் அடித்தார். அம்மா வெளியே போய் அதை நிறுத்தச் சொன்னாள். திரும்பி வந்து என் தலையில் எண்ணெய் வைத்தாள், நேற்றுத்தான் வைத்திருந்தும்.

ஜூன் 7

மாற்றுச் சான்றிதழ் வாங்கினேன். எங்கள் முதல்வர் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். இந்தக் கல்லூரிக்குப் பெயர் சொல்லும்படி ஒருத்தி வந்தாள், அவளும் போகிறாள் என்றார். கோபமில்லை. போய்ப் படி என்று சாக்லேட் கொடுத்தார். துறையில் எல்லோரும் என் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். இந்தச் சின்னக் கட்டடத்துக்கு நான் பட்ட கடன் பெரிது. ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும்.

கோமதி என் சான்றிதழை உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். நான் போனபிறகு என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“சன்னலோரமா ஜாலியா ஒக்காந்து வருவேன். தொண்டைத் தண்ணி வத்த வாசிக்க வேண்டாம்லா.”

ஜூன் 15

நாளை சென்னை. அம்மா இரண்டு பை கட்டியிருக்கிறாள். ஒன்றில் துணி. இன்னொன்று முழுக்கப் பொடிகளும் ஊறுகாயும். என்னோடு இப்போதும் அதிகம் பேசவில்லை. வேண்டாம் என்று சொன்னவளுக்கு இதில் என்ன சந்தோஷம் இருக்கப் போகிறது.

கோமதி வழியனுப்ப ரயிலடிக்கு வரமாட்டாளாம். நூல் லோடு இறக்க ஆள் இல்லையாம்.

ஜூன் 18

விடுதி. மூன்று பேர் அறை. கதவோரக் கட்டிலில் இருப்பவள் லிடியா, செங்கல்பட்டுக்காரி, மூன்றாமாண்டு. அவளுக்கும் பார்வை இல்லை. சன்னலோரக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

குளியலறைக்கு வழி கேட்டேன். “தடி இல்லையா?” என்றாள் லிடியா. பள்ளியில் பழக்கினார்கள், அப்புறம் பரணில் போய்விட்டது, கூட்டிப்போக ஒரு தோழி இருந்தாள் என்றேன். அவள் தன்னுடைய பழைய மடக்குத்தடியைத் தேடி எடுத்து என் கட்டிலில் போட்டாள்.

ஜூன் 19

வாளியைக் காணவில்லை.

ஜூன் 20

வாளி கிடைத்தது. வாளியை வைத்த இடத்தில்தான் இருந்தது. நான்தான் வேறு இடத்தில் இருந்திருக்கிறேன்.

ஜூலை 5

முதல் தேர்வில் தேறவில்லை. ஆங்கிலம் காதில் விழுகிறது, உள்ளே இறங்க மறுக்கிறது. வகுப்பில் எல்லோரும் சட்டென்று கை தூக்குகிறார்கள். துணி உரசும் சத்தம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் நன்றி சொல்ல ஒன்று இருக்கிறது. நேற்று நூலகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டுக் கேட்டேன். நான்காவது முறை புரிந்தது. ஒரு பக்கத்தை நான்கு முறை வாசி என்று நான் கோமதியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க மனம் வராது. கணினிக்குத் தொண்டை வற்றாது.

கோமதியிடம் தேறாததைச் சொன்னேன். அன்றே பாடத்தைத் தமிழில் விளக்கி ஒரு குரல் பதிவு அனுப்பினாள். அவளுக்கும் அங்கே இதே பாடம்தானாம். பின்னால் ஏதோ தறிச் சத்தம். வீட்டில் வைத்துப் பேசியிருப்பாள்.

ஜூலை 22

நேற்று ஊரில் ஆடித் தபசு. சப்பரம் இழுக்கும் சத்தத்தை அப்படியே பிடித்து அனுப்பியிருந்தாள் கோமதி. தன் பெயர்க்காரியான அம்மனைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். எனக்கும் சேர்த்து மாவிளக்குப் போட்டாளாம்.

இன்று காலை பதினொரு மணிக்கு ஒரு பாடம் வந்தது. பின்னால் தறி ஓடுகிறது. கல்லூரிக்குப் பக்கத்தில் புதிதாகத் தறிப்பட்டறை போட்டிருப்பார்கள்.

சாம்பாரில் இங்கே வெல்லம் போடுகிறார்கள்.

ஆகஸ்ட் 8

கோமதியின் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது லிடியாவும் கட்டிலில் இருந்தாள். முடிந்ததும், “நல்லா சொல்லித் தர்றா. ஆனா இவ காலேஜ்ல இல்ல” என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. “எனக்கும் உனக்கும் காதுதானே இருக்கு” என்றாள்.

இனி காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

அப்பாவிடம் போனில் பேசும்போது, கோமதி தினமும் நம் வண்டியில்தானே போகிறாள் என்று கேட்டேன். வண்டியில் இப்போதெல்லாம் கூட்டம், யார் ஏறினார்கள் யார் இறங்கினார்கள் என்று பார்க்க முடிவதில்லை என்றார். பிறகு மழை பெய்ததா என்று கேட்டார்.

வண்டிக்குக் கூட்டம் சேர்ந்திருப்பது நல்லதுதான்.

செப்டம்பர் 3

லிடியாவோடு பேசாமல் இருப்பது சிரமம். ஒரே அறை. இன்று அவளே தொடங்கினாள். பேருந்து நிறுத்தம் வரை தனியாகப் போய் வா, நான் பின்னால்கூட வரமாட்டேன் என்றாள். தடியைத் தட்டிக்கொண்டு போனேன். நடைபாதையில் யாரோ நிறுத்தியிருந்த பைக்கில் முழங்கால் இடித்தது. ஒரு பெண்மணி கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டாள். நான் கடக்க நினைக்காத சாலை. நன்றி சொல்லிவிட்டு, அவள் போனதும் மறுபடியும் இந்தப் பக்கம் வந்தேன்.

திரும்பி வந்ததும் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். லிடியா தண்ணீர் கொடுத்தாள். எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை.

செப்டம்பர் 19

இரண்டாம் தேர்வில் தேறிவிட்டேன். வகுப்பில் பாதிப் பேரைவிட நல்ல மதிப்பெண். இந்த நூலகத்துக்கு, லிடியாவின் பழைய தடிக்கு, முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிட்ட சமையலறை அக்காவுக்கு, எல்லோருக்கும் நன்றி.

கோமதிக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் தறி நின்றுவிட்டது. நிறுத்திவிட்டு அழுகிறாள் என்று நினைக்கிறேன். சளி பிடித்திருக்கிறது என்றாள்.

அக்டோபர் 28

தீபாவளிக்கு ஊர். தனியாக ரயில் ஏறி, தனியாக வந்து, காலையில் சங்கரன்கோவிலில் இறங்கினேன். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தும் அப்பா நடைமேடையில் நின்றார். சட்டையின் டீசல் வாசனை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

வண்டியில் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. வேறு பயணிகள் இன்னும் ஏறவில்லை.

“கோமு எங்கப்பா?”

அவர் சாவியைத் திருகவில்லை.

“அவா ஜூன்லயே நின்னுட்டா தாயி. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் போன மறுநாளே இசக்கிமுத்து தடுத்துவிட்டாராம். கண் தெரியாத பிள்ளைக்குத் துணை என்றுதான் விட்டோம், இனி தனியாக யாருக்காகப் பஸ் ஏற வேண்டும் என்றாராம். காளியம்மாள் பெரியம்மையும் பயந்துவிட்டாளாம். இப்போது கோமதி தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். இரண்டாமாண்டுக்கென்று முன்பே வாங்கியிருந்த என் புத்தகங்களை எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய், முதலில் தான் படித்துவிட்டு, எனக்குப் பேசி அனுப்புகிறாள். இப்படி ஆகும் என்று விண்ணப்பம் போடும்போதே அவளுக்குத் தெரியும் என்றார் அப்பா. சென்னையில் அன்று அலுவலக சன்னலில் அவள் கேட்டது வேறு. தனக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூலையிலேயே எனக்குத் தெரியும். தறிகளுக்கு நடுவே பிறந்த எனக்குத் தறிச் சத்தம் தெரியாதா? தெரியாத மாதிரி இத்தனை தாளில் குத்தி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 29

காலையில் தடியை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். கூட வருகிறேன் என்று அம்மா எழுந்தாள். வேண்டாம் என்றேன். பிறந்த தெருவில் நான் தனியாக நடந்தது இல்லை. யார் வீட்டுக் கோலமோ காலில் பட்டது. “ஏ, பொன்செல்வியா அது?” என்று யாரோ கேட்டார்கள். குழாயடியில் பேச்சு நின்றுபோயிற்று. சாக்கடைத் திண்டில் ஒருமுறை தடுமாறினேன். பிறகு தறிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன்.

வாசலில் தடி தட்டியதும் உள்ளே ஒரு தறி நின்றது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே நின்றன.

காளியம்மாள் பெரியம்மை வெளியே வந்தாள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள் என்று சேலைச் சத்தத்தில் தெரிந்தது.

“யாரு கூட வந்தே?”

“யாரும் இல்ல பெரியம்மை.”

“மெட்ராஸ்லருந்து?”

“அங்கருந்தும் நாந்தான் வந்தேன்.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.  “பயமா இல்லியாட்டி?” என்றாள்.

“பயமாத்தான் இருந்துச்சு. பயந்துகிட்டேதான் வந்தேன்.”

இசக்கிமுத்து அண்ணன் தறியடியிலிருந்து பேசினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்றார். அவர் கெட்டவரில்லை. பள்ளி விடுமுறைகளில் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனவர்.  அடுத்த ஜூனில் கோமதியைத் திரும்ப இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள், நேற்றே கல்லூரியில் போனில் கேட்டுவிட்டேன், நீங்கள் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பதிலுக்கு ஒரு தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

கோமதி என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். விரல் நுனியெல்லாம் நூல் அறுத்துக் காய்த்திருந்தது. அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

“எதுக்குட்டி வந்து இப்டிக் கேட்டே? நானா கேட்டேன்?”

“தெரிஞ்சிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன் கோமு.”

“அதுக்குத்தானே சொல்லல.”

 பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “நான் வாசிச்சது மட்டுந்தானட்டி ஒனக்குப் புஸ்தகம். எனக்குப் புரியாத பக்கத்தயெல்லாம் நான் வாசிக்காமத் தாண்டிட்டுப் போயிருக்கேன். ஒனக்குத் தெரியாதுல்லா. நீ மொத மார்க் வாங்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிடும். இவளுக்கு எவ்வளவத் தின்னு தீத்துட்டோமோன்னு. அந்த மிஷினு ஒரு பக்கத்தயும் தாண்டலல்லா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. எந்தப் பக்கங்கள் என்று கேட்டேன். வரிவிதிப்பு முழுக்க என்றாள். நான் முதல் மதிப்பெண் வாங்கியது வரிவிதிப்பு இல்லாத வரலாற்றில். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதோம்.

நவம்பர் 3

மறுபடியும் விடுதி. லிடியாவிடம் எல்லாம் சொன்னேன். “எனக்கு முறுக்கு எங்க?” என்றாள்.

நவம்பர் 21

பருவத் தேர்வு முடிந்தது. எனக்காக எழுதியவள் இந்த முறையும் பொறுமைசாலி. வரிவிதிப்பில் ஒரு கேள்வி வந்தது. நான்கு பக்கம் சொன்னேன்.

ஜனவரி 17

பொங்கல் விடுமுறையில் காளியம்மாள் பெரியம்மை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் இங்கே வருவது அபூர்வம். கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: ரயிலில் பக்கத்தில் ஆம்பிளைகள் உட்கார்ந்தால் என்ன செய்வாய்? ஒன்றுக்குப் போவதென்றால் பையை யாரிடம் விடுவாய்? இறங்கும் ஊர் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கோமதியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இவ்வளவு கேட்டாளே, அதற்கே நன்றி.

ஏப்ரல் 14

கோமதி போனில் கிசுகிசுத்தாள். நேற்று வீட்டில் பெரிய சண்டையாம். இசக்கிமுத்து அண்ணன், தங்கச்சியைப் பஸ்ஸில் தனியாக அனுப்பிவிட்டுத் தன்னால் தறியில் நிற்க முடியாது என்றாராம். “நிக்காட்டா ஒக்காந்துக்கோ” என்றாளாம் பெரியம்மை.

மே 30

கோமதியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டு, வரலாறு. முதல்வர் அறையில் பெரியம்மை கூடவே நின்றாளாம். இந்தக் கல்லூரியில் படித்த பெண் சென்னையில் படிக்கிறாளாமே, தெரியுமா என்று முதல்வரிடமே கேட்டாளாம். தெரியும் என்று அவரும் மரியாதையாகச் சொன்னாராம்.

நான் மூன்றாமாண்டு. ஒரே நாளில் சேர்ந்தவர்கள், இப்போது அவள் எனக்கு ஒரு வருடம் பின்னால். அந்த வருடத்தைத் திருப்பித் தர என்னால் ஆகாது. அதை நினைக்காமல் நன்றி என்று எழுத எனக்கு வரவில்லை. நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஜூன் 23

முதல் வாரம் முழுவதும் பெரியம்மை கோமதியோடு பஸ்ஸில் போய், கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாளாம். இன்றுதான் தனியாக அனுப்பியிருக்கிறாள்.

மத்தியானம் பெரியம்மையிடமிருந்து போன் வந்தது. அவளாகவே எண்களை அமுக்கி என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. தறி ஓடவில்லை.

“எனக்கு இருப்புக் கொள்ளலட்டி. நீ அன்னைக்கு ரயிலேறிப் போனேல்லா, ஒங்கம்மை என்ன செஞ்சா?”

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக நான் அதைக் கேட்டதே இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா முதலில் எதற்கு இப்போது அது என்றாள். பிறகு சொன்னாள்.

“என்ன செய்ய. ஒனக்கும் சேத்து ஒல வச்சுட்டேன். வடிச்ச பெறவுதான் தெரிஞ்சுது. மறுநாளும் அப்டித்தான். ஒரு வாரம் நானும் ஒங்கப்பாவும் பழையதுதான் தின்னோம்.”

 என்னட்டி, லைன் இருக்கா என்று அம்மா கேட்டாள். இருக்கிறது என்றேன். அந்த ஊறுகாய் நன்றாக இருந்தது அம்மா என்றேன். போன வருடத்து ஊறுகாய். எது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பெரியம்மையைக் கூப்பிட்டு அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். 

“இங்ஙனயும் அதே கததான். அவா தூக்குவாளில கொண்டு போயிருக்கா. நான் அவளுக்கும் சேத்துல்லா வடிச்சு வச்சிருக்கேன்.”

மூடி வையுங்கள், சாயங்காலம் வந்து சாப்பிடுவாள் என்றேன்.

“வந்துருவால்லா?”

“வந்துருவா பெரியம்மை.”